மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியவர்: கர்னல் ஜான் பென்னிகுவிக்

மதுரை மண்ணில் பிறவாதவர். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர். நம்மை அடிமைப்படுத்தி ஆண்ட அரசின் படையில் பதவி வகித்தவர். ஆயினும் கம்பம், உத்தமபாளையம், கூடலூர், தேனி ஆகிய ஊர்களில் ஆண்டுதோறும் சனவரி 15ஆம் நாள் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். அப்பள்ளத்தாக்கின் வீடுகள் பலவற்றில் அவர் படம் மாட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியோரும் உண்டு. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. மதுரைத் தல்லாகுளத்தில் பொதுப்பணித் துறை வளாகத்தில் அவர் சிலையைக் காணலாம். அவரே முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்த பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

அணை கட்டிய பொறியாளரின் வாழ்க்கை பொறியியல் மாணவர்க்குரிய பாடமன்றோ, தமிழ்த்துறை மலரில் அதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மக்கள்தொகைப் பெருக்கத்தால் மண்ணும் நீரும் தாங்குமா என்னும் வினாவை நாம் இந்நாளில் எழுப்புகின்றோம். இதே வினா மதுரைச் சமவெளியில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மிகக் கொடிய வடிவில் எழுந்தது. அன்று அதற்கு இரு வகையான விடைகள் கூறப்பட்டன. அவற்றுள் ஒரு விடையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் காட்டியவர் பென்னிகுவிக். ஆதலின் அவர் வரலாறு நம் எல்லோர்க்கும் உரியதே.

இளமை

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையாரும் அவர் பெயரினரே; ஆங்கிலப் படையில் பிரிகேடியராக விளங்கியவர். 1849ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியர்க்கும் ஆங்கிலேயர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. அப்போரில் தந்தையார் வீழ்ந்தார். படையிற் சேர்ந்திருந்த மகன் அலெக்சாந்தரும் பதினேழு வயதில் அதே களத்தில் மாண்டார். அன்றைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் இளையவர் ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள். இந்திய மண்ணில் தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்த சிறுவர் பின்னாளில் அதே இந்திய மண்ணுக்குத் திரும்பி வந்தது பழி தீர்க்க அன்று என்பதை எண்ணுகையில் வியப்பே மிகுகின்றது.

இங்கிலாந்தில் செல்டன்காம் கல்லூரியில் பயின்றபின், ஆடிஸ்கோம் என்னுமிடத்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படைப்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து பொறியியல் கற்றார். சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் அலுவல் ஏற்று 1860ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். 1867-68இல் அபிசீனியப் போருக்குச் சென்று திரும்பினார். எஞ்சிய காலமெல்லாம் பொதுப்பணித் துறையிலேயே கழிந்தது. 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்னும் மங்கையை மணந்தார். கிரிக்கெட்டில் மிகுந்த ஈடுபாடுடையவர்; சென்னைக் கிரிக்கெட் கழகத்திற்குச் சேப்பாக்கம் திடல் கிடைத்ததில் அவர்க்குப் பங்குண்டு என்பதை விளையாட்டில் நாட்டமுள்ள மாணவர்கள் அறிந்துகொள்ளலாம்.

தாது வருடப் பஞ்சம்

அவர் செய்த பணியின் பெருமை விளங்க வேண்டுமாயின் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தை அறிதல் வேண்டும். தமிழாண்டுக் கணக்கில் தாது ஆண்டில் தொடங்கியதால் அது தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. கண்மாய்கள் வறண்டு வெடித்தன. கால்நடைகள் முதலில் மடிந்தன, பின் மனிதர். சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பசியாலும் பசியைத் தொடர்ந்த காலராவாலும் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகின்றது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.12 கோடியாக இருந்த மாகாண மக்கள்தொகை பத்தாண்டு கழித்து 3.08 கோடியாகக் குறைந்தது. இராமநாதபுரம், சிவகங்கை ஆகியவற்றையும் உள்ளடக்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில் 1871இல் 22 இலட்சத்து 66 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1881இல் 21 இலட்சத்து 68 ஆயிரம் பேரே எஞ்சினர். இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டில் தொகை ஓர் இலட்சம் சரிந்தது என்றால் அவ்விரு ஆண்டுகளின் கொடுமை எத்தகையதாக இருந்திருக்கும்! மாண்டவர் போக, கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர் பலர்.

மதுரை நகரில் குஞ்சரம் என்னும் செல்வப் பெண்மணி தம் நகைகளையும் வீடுகளையும் விற்றுப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்துத் தாமும் நலிந்து மறைந்தார் என்று செவிவழிச் செய்தி ஒன்று இன்றும் வழங்குகின்றது. ஏடுகளில் இடம்பெறாத இத்தகைய நினைவுகள் ஊரின் வாயில் நிலைத்து நிற்கின்றன.

அந்நாளில் ஆட்சியாளர் பலரின் உள்ளத்தில் ஊன்றியிருந்தது மால்தூஸ் என்னும் அறிஞரின் கொள்கை. மக்கள்தொகை பெருகும் வேகத்திற்கு உணவு பெருகாது. பஞ்சமும் நோயும் போரும் அதனைக் கட்டுக்குள் கொணரும் என்னும் கருத்தை அவர் 1798ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் வெறும் நூலாசிரியர் மட்டுமல்லர். கம்பெனியாரின் குடிமைப் பணியாளர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரியில் 1805 முதல் 1834இல் இறக்கும் வரை பேராசிரியராக விளங்கியவர். இந்தியாவுக்கு வந்த கலெக்டர்கள் ஒரு தலைமுறை முழுதும் அவரிடமே பொருளியல் பாடம் கேட்டனர். பஞ்ச காலத்தில் வைசிராயாக இருந்த லிட்டன் பிரபு, இந்திய மக்கள் தாம் விளைவிக்கும் உணவைக் காட்டிலும் விரைவாகப் பெருகும் இயல்பினர் என்று அதே கருத்தை எதிரொலித்தார். நிவாரணச் செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், கல்லுடைக்கும் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று வரையறுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்பார் இஃது உயிரைக் காக்கும் அளவன்று என்று வாதாடிய பிறகே அளவு உயர்த்தப்பட்டது. இங்கே மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1877 சனவரி முதல் நாள், விக்டோரியாவைப் பேரரசியென அறிவிக்கும் தர்பார் தில்லியில் பெருஞ்செலவில் நடந்தேறியது. துறைமுகங்களிலிருந்து கோதுமைக் கப்பல்கள் புறப்பட்ட வண்ணமே இருந்தன.

இவ்விடத்தில் நம் இஸ்லாமிய வரலாற்று நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வருகின்றது. ஹிஜ்ரி 18இல் அரேபியாவில் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. சாம்பலாண்டு என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்கள் பசி தீரும்வரை நெய்யும் இறைச்சியும் உண்ண மறுத்துத் தம் மேனி கறுத்துப் போகும் வரை எளிய உணவே உட்கொண்டார். அத்துடன் நின்றாரில்லை. எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு நைல் நதியைச் செங்கடலோடு இணைத்த பழைய கால்வாயை மீளத் தோண்டச் செய்து, எகிப்தின் தானியம் ஹிஜாஸை வந்தடைய வழி வகுத்தார். மக்கள் மிகுந்துவிட்டனர் என்று அவர் கூறவில்லை. உணவு வரும் வழி அடைபட்டுள்ளது என்றே கண்டார். இரு ஆட்சியாளர்களையும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

ஆங்கிலேயருள்ளும் இவ்வாறு எண்ணியோர் சிலர் இருந்தனர் என்பதைக் கூறாது விடுதல் நீதியாகாது. கோதாவரிக்குத் தவளேசுவரத்தில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டன் இருப்புப்பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவிடுக என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தினார். 1875இலேயே மதுரைக்கு இரயில் வந்துவிட்டது. நீர் வர இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. காட்டனும் ஆடிஸ்கோமில் பயின்றவரே. பென்னிகுவிக் அந்த வழியில் வந்தவர்.

பழைய கனவு

மதுரைச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 85 செ.மீ. மழைதான். வைகையோ வெள்ளம் வந்தால் பெருகி, வந்த வேகத்தில் வற்றிப் போகும் ஆறு. நம் முன்னோர் அதன் இருமருங்கும் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டிச் சங்கிலிபோல் இணைத்து, ஒன்றின் கலுங்கு நீர் அடுத்ததற்குச் செல்லுமாறு அமைத்து, பெய்த நீரை ஒரு துளி வீணாக்காது காத்தனர். ஆனால் மலைக்கு அப்புறம் நிலைமை நேர்மாறு. பெரியாறு தென்மேற்குப் பருவமழையைச் சுமந்துகொண்டு அடர்வனங்களுக்கிடையே ஓடி அரபிக்கடலிற் கலந்தது. ஒரு மலைமுகடுதான் இடைச்சுவர்.

அச்சுவரைத் துளைத்துவிட்டால் என்ன என்னும் எண்ணம் முதலில் தோன்றியது ஆங்கிலேயர்க்கு அன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராயச் செய்தார். பொருட்செலவு கருதிக் கைவிட்டார். பள்ளிப் பாடநூல்கள் பென்னிகுவிக்கைச் சொல்லும்போது இப்பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். 1808இல் கேப்டன் கால்டுவெல் என்னும் ஆங்கிலேயர் பார்வையிட்டு இது வெறும் பகற்கனவு என்று அறிக்கை தந்தார். 1850இல் சிறிய மண்ணணை ஒன்று தொடங்கப்பட்டு, காய்ச்சலுக்கு அஞ்சித் தொழிலாளர் ஓடிப்போக, நின்றது. 1860களில் மேஜர் ரைவ்ஸ் பெரியதொரு மண்ணணைத் திட்டம் வகுத்தார். அதுவும் ஏட்டளவில் நின்றது. பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோரைக் கொண்டு சென்ற பிறகே அரசின் கண் திறந்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

மண்ணணை இங்கு நில்லாது, கற்சுவரே வேண்டும் என்பது அவர் முடிவு. வெளிமுகங்கள் கருங்கல் கட்டுமானம். உள்ளகம் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கல்லும் கலந்த காரை. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம்; 1,200 அடிக்கு மேற்பட்ட நீளம். தேக்கிய நீரைக் கிழக்கே கொணர ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம். அது மலையைக் குடைந்து மறுபுறம் நீரை விட, அந்நீர் வைரவனாறு வழியாகச் சுருளியாற்றை அடைந்து, அதன் வழியே வைகையிற் சேரும். அங்கிருந்து பேரணையில் தடுக்கப்பட்டுப் பெரியாற்றுக் கால்வாய் வழியே மேலூர் வரை பாயும். சிமெண்டு பரவலாக வழங்காத காலத்தில், அத்தனை உயரமான அணையை, பாதையற்ற காட்டில் எழுப்பத் துணிந்தமை அந்நாளைய உலகில் அரிய செயல்.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் மன்னர்க்குரியது. நெடுநாள் பேச்சுக்குப் பின் 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர்க்கும் பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர்க்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். 1887இல் வேலை தொடங்கிற்று.

காட்டில் எட்டாண்டுகள்

தொழிலாளர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் சமவெளி ஊர்களிலிருந்தும் திரட்டப்பட்டனர். மதராஸ் பயனியர் படையினரும் துணைக்கு வந்தனர். சுண்ணாம்புக்கல் மலையடிவாரத்திலிருந்து கம்பிவடப் பாதையில் மேலே ஏறியது. அங்கிருந்து மாட்டுவண்டியிலும் படகிலும் அணைக்களத்தை அடைந்தது. காட்டு யானைகள் ஒருபுறம், ஓயாத மழை மறுபுறம். எல்லாவற்றிலும் கொடியது மலைக்காய்ச்சல். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல். அணை முடிந்த பிறகே. காரணம் அறியாமலேயே காய்ச்சலோடு போராடினர். நோய் மிகும் மாதங்களில் ஆண்டுதோறும் வேலையை நிறுத்திக் கீழிறங்கவேண்டியதாயிற்று. நோயால் மட்டும் 483 பேர் மாண்டனர் என்று கணக்குண்டு. அணைக்கு அருகிலேயே கல்லறைத் தோட்டம் உள்ளது. அதில் பெயர் பொறித்த கற்கள் பெரும்பாலும் வெள்ளையர்க்கே. கல் சுமந்த நம்மவர் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை.

ஆற்றைத் தடுத்து அடித்தளம் போட வேண்டுமாயின் முதலில் தற்காலிகக் கரை எழுப்பவேண்டும். எழுப்பிய கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மீண்டும் எழுப்பினர், மீண்டும் சென்றது. ஒரு பருவத்து உழைப்பு ஓரிரவில் மறைந்த நிகழ்ச்சிகள் ஒன்றிரண்டல்ல. உடன் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899இல் வெளியிட்ட திட்ட வரலாற்று நூல் இத்தொல்லைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இந்நிலையில் அரசு பணம் தர மறுத்ததாகவும், பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று வந்து அணையை முடித்ததாகவும் நம் மக்கள் சொல்கின்றனர், மேடைகளில் பேசுகின்றனர், மாணவர்களும் எழுதுகின்றனர். ஆய்வாளர் பலர் இதற்கு ஆவணச் சான்றில்லை என்பர். அணை அரசுப் பணத்தில் கட்டப்பட்டதென்றே திட்டக் கணக்குகள் காட்டுகின்றன. ஆதலின் இதனை வரலாறு என்று கொள்ளாது வழக்காறு என்று கொள்வதே முறை. நகையை விற்றார் என்று சொல்வது நம் மக்கள் ஒருவர்க்குச் செய்யும் உச்சமான மரியாதை. குஞ்சரத்திற்குச் செய்த அதே மரியாதையைக் கடல் கடந்து வந்த இவர்க்கும் செய்துள்ளனர். நகை விற்காவிடினும் அவர் பெருமை குறைவதில்லை. கரை உடைந்த ஒவ்வொரு முறையும் திட்டத்தைக் கைவிடாது நின்றது போதும்.

1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிற்று. அவ்வாண்டு பென்னிகுவிக்குக்கு சி.எஸ்.ஐ. பட்டம் வழங்கப்பட்டது. மறு ஆண்டு தாயகம் திரும்பி, இந்தியப் பொதுப்பணிக்குப் பொறியாளரை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை விளங்கினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர் வெள்ளத்தால் அழிவுற்றபோது, தடுப்பு முறை குறித்து அறிவுரை கூற அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லியில் மறைந்தார். அவருடைய பின்வாழ்வில் நாம் அறிய வேண்டியது இவ்வளவே.

நீர் வந்த பின்

நீர் வந்ததும் நிலத்தின் முகம் மாறிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைந்தது. வணிகத்தில் ஈடுபட்டிருந்த இராவுத்தர் குடும்பங்கள் பல அங்கு நிலம் வாங்கி வேளாண்மையில் இறங்கின. பள்ளிவாசல்களும் பின்னாளில் கல்விக்கூடங்களும் அச்செழிப்பின் மீது எழுந்தன. மேலூர்ப் பகுதிக் கள்ளர் குடியினர் கால்வாய் நீரால் நிலையான உழவராயினர். ஆனால் அதே மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் நீர் எட்டவில்லை. அங்கு வாழ்ந்த பிறமலைக் கள்ளர்மீது குற்றப்பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. கால்வாய் சென்ற பக்கமும் செல்லாத பக்கமும் எவ்வாறு வேறுபட்டன என்பதைக் காட்ட இதனினும் வேறு சான்று தேவையில்லை. அப்பகுதிக்கென 58 கிராமக் கால்வாய் வெட்டப்பட்டது நம் காலத்தில்தான். அதிலும் வைகை அணையில் நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் நீர் ஏறும்.

1901ஆம் ஆண்டில் மதுரை மாவட்ட மக்கள்தொகை 28 இலட்சத்தைக் கடந்தது. இவ்வுயர்வு முழுதும் அணையால் வந்ததன்று. 1891இலேயே 26 இலட்சமாகியிருந்தது. பஞ்சத்தின்பின் மக்கள் தாமாகவே மீண்டெழுந்தனர். ஆயினும் அதன்பின் மழை பொய்த்த ஆண்டுகளில் தாது ஆண்டின் சாவு இப்பகுதியில் திரும்ப வரவில்லை என்பதில் பெரியாற்று நீருக்குப் பங்குண்டு. மால்தூஸின் மாணவர்கள் வாய் எண்ணிக்கையைக் கணக்கிட்டனர். பென்னிகுவிக் ஆற்றின் கன அடியைக் கணக்கிட்டார். அந்நூற்றாண்டைப் பொறுத்தவரை பின்னவர் கணக்கே வென்றது.

இந்நூற்றாண்டுக்கும் அக்கணக்கு செல்லுமா என்பதே நம் முன்னுள்ள வினா. எல்லைகள் சற்று மாறியிருப்பினும் அன்றைய மதுரை மாவட்டம் பெரும்பாலும் இன்றைய மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்தே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வைந்திலும் வாழ்வோர் 91 இலட்சம் பேர். 1901இல் இருந்ததைப்போல் மூன்று மடங்கிற்கும் மேல். மதுரை நகரம் 1871இல் 52 ஆயிரம் பேரைக் கொண்டிருந்தது. 1901இல் ஓர் இலட்சத்து ஆறாயிரம். 1951இல் மூன்றரை இலட்சத்திற்கும் மேல். 2011இல் பத்து இலட்சத்திற்கும் மேல். சுரங்கமோ அதே சுரங்கம். 104 அடிக்கு மேல் நிற்கும் நீரே அதன் வழி வரும். இதற்கிடையே அணையின் பாதுகாப்புக் குறித்துக் கேரளத்தில் எழுந்த அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தியபின் 142 அடி வரை தேக்கலாமென 2006இலும் 2014இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே வாழும் இலட்சக்கணக்கான மலையாள மக்களின் கவலையை நாம் எள்ளுதல் தகாது. அவர்களும் அதே ஆற்றின் கரையினர்.

மக்கள்தொகை என்றவுடன் பிறப்பைப் பற்றியே பேசுவோர் உளர். சில வேளைகளில் ஒரு சமுதாயத்தை நோக்கி விரல் நீட்டுவோரும் உளர். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. தலைமுறை ஈடுசெய்ய வேண்டிய 2.1ஐவிட இது குறைவு. இந்திய முஸ்லிம் பெண்டிரிடையே 1992-93இல் 4.4ஆக இருந்த எண் அதே ஆய்வில் 2.4ஆக இறங்கியுள்ளது. பெண்கள் படித்தால் எச்சமயத்தினராயினும் குடும்பம் அளவாகின்றது என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. நம் சமுதாயப் பெரியோர் தோற்றுவித்த கல்விக்கூடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எனவே மதுரைச் சமவெளியின் இன்றைய நெருக்கடி பிறப்பின் மிகுதியால் விளைவது மட்டுமன்று. ஊர்கள் நகரமாவதாலும், நகரத்தில் ஒவ்வொருவர் செலவிடும் நீர் கூடுவதாலும், நீர் தங்க வேண்டிய இடத்தில் நாம் குடியேறுவதாலும் விளைவது.

உலகநேரிக் கண்மாய்ப் பரப்பில் இன்று உயர்நீதிமன்றக் கிளை நிற்கின்றது. 2004இல் அது திறக்கப்பட்டது. செல்லூர், வண்டியூர், மாடக்குளம் கண்மாய்களின் வரத்துக்கால்கள் பல இடங்களில் சாக்கடைகளாகவும் தெருக்களாகவும் மாறியுள்ளன. வைகை மணல் அள்ளப்பட்டு ஆற்றுப்படுகை தாழ்ந்ததால் பழைய வாய்க்கால் தலைகளில் நீர் ஏற மறுக்கின்றது. மழை பெய்தால் வெள்ளம்; ஓய்ந்தால் ஆழ்குழாய். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த சமுதாயம் நாம். நம் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிவதை எத்தனை முறை பொருட்படுத்துகின்றோம்?

2017 ஏப்ரலில் கடும் வறட்சியின்போது வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டதும், காற்று அவற்றைக் கரைக்கு அடித்து வந்ததும் நாடெங்கும் நகைப்புக்கு இடமாயின. நகைத்தவர்கள் ஒன்றை மறந்தனர். 1959இல் கட்டப்பட்ட அந்த 71 அடி அணைதான் மதுரை நகரின் குடிநீர்க் குடம். குடத்தின் அடியில் கிடந்த சிறிது நீருக்கு நகரமும் வயலும் ஒருசேரக் கைநீட்டிய ஆண்டு அது.

பெரியாற்று நீர் இன்றும் முறை வைத்தே பகிரப்படுகின்றது. தலைமடையான கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கு முதல் போகத்திற்கெனச் சூன் மாதத் தொடக்கத்தில் மதகு திறப்பது வழக்கம். அடுத்து மதுரைப் பக்கத்து இருபோக நிலம் 45,000 ஏக்கர். இறுதியில் மேலூர், திருமங்கலம் பகுதிகளின் ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். வைகை அணையில் இருப்புக் குறைந்தால் குடிநீருக்கு முதலில் ஒதுக்குவர், பின் தலைமடை, பின் இருபோகம். மேலூர்க் கடைமடை உழவர் நாற்றங்காலை உழுது வைத்துக்கொண்டு, ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தும், மதகு திறக்கும் நாளறிவிப்புக்காக நீர்வளத் துறை அலுவலகத்தை நோக்கியிருப்பது பல ஆண்டுகளில் நாம் காணும் காட்சி. அவ்வலுவலக வளாகத்தில்தான் பென்னிகுவிக்கின் சிலை நிற்கின்றது.